தன்னை அழைத்தது யார் என்று நிரலுக்குத் தெரியுமா?

விண்டோஸ் கணினியில் ஒரு கட்டளை நிரலின் ஐகானை இரண்டு முறை சொடுக்கினால், கறுப்பு ஜன்னல் ஒன்று கண நேரம் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். நிரல் ஓடியது, சொல்ல வேண்டியதை எழுதியது, வேலை முடிந்ததும் ஜன்னலும் மூடிக்கொண்டது. என்ன எழுதியது என்று படிக்க யாருக்கும் நேரம் இல்லை. அதே நிரலின் பெயரைக் கட்டளை வரியில் தட்டச்சு செய்து ஓடவிட்டால் எழுதியதெல்லாம் திரையில் நிற்கிறது. இரண்டு முறையும் ஓடியது ஒரே நிரல். அழைத்த விதம்தான் வேறு.

அப்படியானால் நிரலே இதைத் தெரிந்துகொண்டு நடந்துகொள்ளக் கூடாதா? ஐகானைச் சொடுக்கி அழைத்தால் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து செய்தி சொல்லலாம். டெர்மினல் எனப்படும் முனையத்திலிருந்து அழைத்தால் அங்கேயே எழுதலாம். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'என்னை முனையத்திலிருந்து அழைத்தார்களா, வரைகலைத் திரையிலிருந்து அழைத்தார்களா?' என்று ஒரு நிரல் கேட்டால், எல்லாச் சூழலிலும் நம்பத்தக்க ஒரே பதிலைத் தரும் வசதி லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் கிடையாது. நிரல் தொடங்கும்போது அதன் கைக்கு வருபவை சில சொற்கள், 'சூழல் மாறிகள்' எனப்படும் பெயரிட்ட குறிப்புகள் சில, படிக்கவும் எழுதவும் திறந்துவைத்த சில வழிகள். அழைத்தவரின் பெயர் அவற்றில் இல்லை.

இது ஏன் இப்படி அமைந்தது, நிரலாளர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், அமெரிக்காவின் மூன்று பகுதிகளில் நடந்த வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரியும்: நியூஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியாவின் பே ஏரியா. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கணினித் துறையில் வேலை செய்யும் இடங்கள் இவை. அங்கே அன்றாடம் ஓடும் நிரல்களுக்குள் அந்தந்த ஊர்களின் வரலாறும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மர்ரே ஹில்லின் தட்டச்சு இயந்திரம்

நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் கணினியோடு பேசியது பெரும்பாலும் டெலிடைப் வகைத் தட்டச்சு இயந்திரங்கள் வழியாகத்தான். 1963இல் அறிமுகமான டெலிடைப் 33, நொடிக்கு 10 எழுத்துகளைக் காகிதத்தில் அடிக்கும். ஒரு வரியில் 72 எழுத்துகள் கொள்ளும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மட்டுமே அதில் உண்டு. அதைத் தயாரித்த டெலிடைப் நிறுவனமும் பெல் ஆய்வகமும் ஒரே ஏடி அண்ட் டி குடும்பத்தைச் சேர்ந்தவை.

டெலிடைப் என்பதன் சுருக்கமே 'டிடிஒய்'. 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே, நீங்கள் அமர்ந்திருக்கும் முனையத்தின் பெயரைச் சொல்லும் 'டிடிஒய்' கட்டளை இருக்கிறது. இன்றைய மேக் மடிக்கணினியிலும் லினக்ஸ் சேவையகத்திலும் அந்தக் கட்டளை அதே பெயரில் இயங்குகிறது.

யூனிக்ஸின் அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு. தட்டச்சு இயந்திரம், வட்டிலுள்ள கோப்பு, நாடா எல்லாவற்றையும் நிரல் ஒரே முறையில் படிக்கலாம், எழுதலாம். நிரலுக்கு 0 என்ற எண்ணில் உள்ளீட்டு வழி, 1 என்ற எண்ணில் வெளியீட்டு வழி. பின்னாளில் 2 என்ற எண்ணில் பிழைச் செய்திக்கான வழியும் சேர்ந்தது. அந்த வழிகளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது நிரலின் கவலை இல்லை. 1973இல் பைப் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை நேராக இன்னொரு நிரலின் உள்ளீட்டுக்குள் செலுத்தும் வசதி அது. டக் மெக்கில்ராய் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்த யோசனை. தாம்சன் அதைச் செய்து முடித்தார். மறுமுனையில் இருப்பது மனிதரா, கோப்பா, வேறொரு நிரலா என்று தெரியாமலே வேலை செய்வதுதான் யூனிக்ஸ் நிரலின் பலமாயிற்று.

ஆனால் சில இடங்களில் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. மறுமுனையில் ஆள் இருந்தால் எழுதியதை உடனே அனுப்ப வேண்டும். கோப்பு என்றால் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவது சிக்கனம். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'இஸ்-ஏ-டிடிஒய்' என்ற சிறு செயற்கூறு இடம்பெற்றது. ஒரு வழியின் எண்ணைக் கொடுத்தால், அதன் மறுமுனையில் இருப்பது தட்டச்சு இயந்திரமா என்று ஆம், இல்லை என்ற பதில் தரும்.

அது அதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. வரி வேகம் என்ன, எழுத்தை அழிக்கும் பொத்தான் எது என்பவை முனையத்துக்கு மட்டுமே உரிய அமைப்புகள். அவற்றைச் சொல்லும்படி அந்த வழியிடம் கேட்கும். பதில் வந்தால் முனையம். 'இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது' என்று பிழை வந்தால் முனையம் இல்லை. அந்தப் பிழைக்கு இன்றும் 25 என்பதே எண். அதன் பழைய யூனிக்ஸ் செய்தி 'இது தட்டச்சு இயந்திரம் அல்ல' என்ற பொருளில் அமைந்தது. மின்னஞ்சல் சேவையகம் ஒன்று இந்தச் செய்தியைக் கக்கும்போது, தட்டச்சு இயந்திரத்துக்கும் மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தலைமுறை நிரலாளர்கள் திகைத்திருக்கிறார்கள். சம்பந்தம் இந்தச் சோதனைதான்.

பெர்க்லியும் மர்ரே ஹில்லும் மோதிய இடம்

இந்தச் சின்னச் சோதனை இன்று எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 'கிட்' நிரலில் மாற்றங்களின் பட்டியலைக் கேட்டால், முனையத்தில் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும். அதையே கோப்புக்குத் திருப்பினால் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதிவிடும். சொல் தேடும் 'கிரெப்' கண்டெடுத்த சொல்லுக்கு முனையத்தில் மட்டும் வண்ணம் பூசும்படி அமைக்கலாம். சி மொழியில் எழுதிய நிரல், முனையம் என்றால் ஒவ்வொரு வரி முடிந்ததும் வெளியே அனுப்பும். பைப் என்றால் சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை வைத்துக்கொள்ளும். நேரே ஓடவிட்டால் உடனுக்குடன் எழுதும் நிரல், பைப்பில் மாட்டியதும் நெடுநேரம் மௌனமாக இருப்பது இதனால்தான். நிரல் நின்றுபோகவில்லை, சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறது.

நிரல் இப்படி இடம் பார்த்து நடந்துகொள்வது சரியா என்ற கேள்வி 1980களிலேயே எழுந்தது. கென் தாம்சன் 1975இல் ஓராண்டுக் காலம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றார். அவர் வழியாக அங்கே வேரூன்றிய யூனிக்ஸை பில் ஜாயும் மற்ற மாணவர்களும் வளர்த்தெடுத்தார்கள். பெர்க்லி வழிவந்த 'எல்எஸ்' கட்டளை, முனையத்தில் கோப்புப் பெயர்களைப் பல பத்திகளாக அடுக்கிக் காட்டும். பைப்புக்குள் போனால் வரிக்கு ஒன்றாக எழுதும். திரையில் பார்ப்பவருக்கு இது வசதி. மர்ரே ஹில்லில் இருந்த ராப் பைக்கும் பிரையன் கெர்னிகனும் 1984இல் எழுதிய கட்டுரையில் இதை எதிர்த்தார்கள். பத்திகளாக அடுக்குவது பொதுவான ஒரு வேலை; அதற்குத் தனி நிரல் இருக்க வேண்டும்; மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்த்து 'எல்எஸ்' வேறு விதமாக நடந்துகொள்ளக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தின் நிரலாக்க விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. வெளியீட்டுச் சாதனத்தைப் பார்த்து நிரல் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று அவை சொல்கின்றன. ஆனால் 'எல்எஸ்' போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள், இனி மாற்றினால் பெரும் குழப்பமாகும் என்பதால். கோட்பாட்டில் மர்ரே ஹில் வென்றது. பழக்கத்தில் பெர்க்லி வென்றது. நாம் இரண்டோடும் வாழ்கிறோம்.

டெக்சாஸ்: காகிதம் கண்ணாடியானது

தட்டச்சு இயந்திரம் மறைந்த பிறகும் இந்தச் சோதனை எப்படி உயிரோடு இருக்கிறது? அதற்கான பதிலின் தொடக்கம் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருக்கிறது. 1968இல் பில் ரே, கஸ் ரோச் இருவரும் அங்கே கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் தயாரிப்பு டேட்டாபாயின்ட் 3300. டெலிடைப் 33 இருந்த இடத்தில் அப்படியே பொருத்தக்கூடிய, காகிதத்துக்குப் பதில் திரை கொண்ட கருவி அது. கணினியின் பக்கம் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. திரையிலும் ஒரு வரிக்கு 72 எழுத்துகள்தாம். இயந்திரம் மாறியது கணினிக்குத் தெரியவே கூடாது என்பதுதான் வடிவமைப்பின் நோக்கம்.

1970இல் அதே நிறுவனம் அறிவித்த டேட்டாபாயின்ட் 2200, முனையத்துக்குள்ளேயே ஒரு சிறு கணினியை வைத்தது. அதன் கட்டளைத் தொகுப்பை ஒரே சில்லில் அடக்க பே ஏரியாவின் இன்டெல் செய்த முயற்சியில் பிறந்தது 1972இன் 8008 சில்லு. இன்று நம் மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 சில்லுகளின் மூதாதை அதுதான். முனையம் செய்யப் புறப்பட்டவர்கள் கணினியின் வரலாற்றையே திருப்பிவிட்டார்கள்.

நம் கதைக்கு வேண்டியது இது: தட்டச்சு இயந்திரமாக நடிக்கும் கருவியைச் செய்ய முடியும் என்றால், அப்படி நடிக்கும் நிரலையும் எழுதலாம். 1983இல் வந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் போலி முனையங்கள் இருந்தன. இது இருமுனை கொண்ட ஒரு வழி. ஒரு முனையில் உள்ள நிரலுக்கு அது உண்மையான தட்டச்சு இயந்திரமாகவே தெரியும். மறுமுனையைப் பிடித்திருப்பது இன்னொரு நிரல். நாம் இன்று திறக்கும் ஒவ்வொரு முனைய ஜன்னலும் இப்படிப்பட்டதுதான். லினக்ஸ் ஜன்னல் ஒன்றில் முனைய அமைப்புகளைக் காட்டும் 'எஸ்டிடிஒய்' கட்டளையைத் தட்டிப் பாருங்கள்; வரி வேகம் 38400 என்று சொல்லும். அந்த வேகத்தில் ஓடும் கம்பி எதுவும் அங்கே இல்லை.

எனவே 'இஸ்-ஏ-டிடிஒய்' ஆம் என்று சொன்னால், மறுமுனையில் முனையம் போல் நடந்துகொள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே பொருள். 'ஸ்கிரிப்ட்' கட்டளை ஒரு போலி முனையத்தை உண்டாக்கி, அதில் நடப்பதையெல்லாம் கோப்பில் பதிவு செய்யும். 1990இல் டான் லைப்ஸ் எழுதிய 'எக்ஸ்பெக்ட்' நிரல், மனிதர் தட்டச்சு செய்வது போலவே மற்ற நிரல்களுக்குப் பதில் சொல்லும். இரண்டிலும் சோதனை ஆம் என்றே சொல்லும். முனையத்தின் முன்னால் ஆள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பே ஏரியா: முனையமே இல்லாத கணினி

இதே காலத்தில் பே ஏரியாவில் வேறொரு உலகம் உருவாகிக்கொண்டிருந்தது. மென்லோ பார்க்கின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் உருவாக்கிய சுட்டியும் திரைவழி வேலை முறையும் 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பொதுவில் காட்டப்பட்டன. பாலோ ஆல்டோவில் 1970இல் தொடங்கிய ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1973இல் ஆல்டோ கணினி பிறந்தது. ஆப்பிள் 1983இல் லிசாவையும் 1984 ஜனவரியில் மெக்கின்டாஷையும் கொண்டுவந்தது. முதல் மெக்கின்டாஷில் கட்டளை வரி என்பதே கிடையாது. அங்கே எந்த நிரலும் 'முனையத்திலிருந்தா?' என்று கேட்க வேண்டியதில்லை. கேள்வியே எழாத உலகம் அது.

இரண்டு உலகங்களும் ஒரே கணினிக்குள் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ரெட்வுட் சிட்டியில் இயங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளம், பெர்க்லி யூனிக்ஸின் மேல் ஜன்னல்களைக் கட்டியிருந்தது. 1996 டிசம்பரில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. அந்த அடித்தளத்தில் எழுந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 2001 மார்ச் 24 அன்று வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் கணினியில் ஐகானும் முனையமும் இப்போது பக்கத்தில் பக்கத்தில்.

பக்கத்தில் இருந்தாலும் அவற்றின் பிறப்பு வேறு. முனையத்தில் தட்டச்சு செய்து அழைத்த நிரல், தட்டிய கட்டளையை வாங்கி ஓடவிடும் 'ஷெல்' என்ற நிரலின் குழந்தை. ஷெல்லில் நீங்கள் அமைத்துவைத்த சூழல் மாறிகள், நீங்கள் நிற்கும் கோப்புறை, வெளியீட்டு வழி எல்லாம் அதற்கு மரபாக வரும். ஐகானைச் சொடுக்கி அழைத்த நிரல், 2005 முதல் மேக்கில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் 'லாஞ்ச்டி' என்பதன் குழந்தை. உங்கள் ஷெல் அமைப்புகள் எதுவும் அதற்குத் தெரியாது. நிரல்களைத் தேடும் பாதையில் இயங்குதளத்தின் நான்கு அடிப்படைக் கோப்புறைகள் மட்டுமே இருக்கும். முனையத்தில் நன்றாக ஓடும் கருவியை, ஐகான் வழியாகத் திறந்த எடிட்டர் 'அப்படி எதுவும் இல்லை' என்று சொல்வது இதனால்தான். கருவி இருக்கிறது, தேடும் பாதைதான் மரபில் வரவில்லை.

துப்புகளும் அவை தவறும் இடங்களும்

அழைத்தவர் யார் என்று ஊகிக்க நிரலாளர்கள் பயன்படுத்தும் துப்புகள் நான்கு.

முதல் துப்பு, நாம் பார்த்த மூன்று வழிகள். மூன்றும் முனையத்தை நோக்கி இருந்தால், முனையத்திலிருந்து அழைத்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் முனையத்தில் அமர்ந்தபடியே உள்ளீட்டையும் வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் கோப்புகளுக்குத் திருப்பிவிடலாம். ஆள் முன்னால் இருப்பார். சோதனை 'முனையம் இல்லை' என்று சொல்லும்.

இரண்டாவது துப்பு, கட்டுப்பாட்டு முனையம். வழிகளை எங்கே திருப்பினாலும், நிரல் எந்த முனையத்தின் அமர்வில் பிறந்தது என்பதை இயங்குதளம் நினைவில் வைத்திருக்கும். ஓடும் நிரல்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையின் பட்டியலில் டிடிஒய் என்ற பத்தியில் அதைப் பார்க்கலாம். முனையம் இல்லாத நிரலுக்கு அந்த இடத்தில் கேள்விக்குறி இருக்கும். நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓடவிடும் 'சூடோ' கடவுச்சொல் கேட்பது இந்த வழியாகத்தான். அதனால்தான் அதன் உள்ளீட்டைத் திருப்பிவிட்டாலும் விசைப்பலகையில் இருக்கும் ஆளிடம் கேட்க அதனால் முடிகிறது. நான்கில் இது உறுதியான துப்பு. ஆனால் இதுவும் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கட்டுப்பாட்டு முனையம் இல்லை என்றால் ஐகான் வழியாக அழைத்தார்கள் என்று பொருள் ஆகாது. நள்ளிரவில் கால அட்டவணைப்படி ஓடும் 'கிரான்' வேலைக்கும் முனையம் இல்லை, சேவையகத்தின் பின்னணி வேலைக்கும் இல்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் பார்க்க ஆளும் இல்லை, திரையும் இல்லை.

மூன்றாவது துப்பு, தாய் நிரல், அதாவது இந்த நிரலைத் தொடங்கிய நிரல். விண்டோஸில் தாய் 'எக்ஸ்ப்ளோரர்' என்றால் ஐகானைச் சொடுக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். கோ மொழியில் கட்டளை நிரல்கள் எழுத உதவும் 'கோப்ரா' தொகுப்பு இதைத்தான் செய்கிறது. தாய் எக்ஸ்ப்ளோரராக இருந்தால், இது கட்டளை வரியில் ஓட வேண்டிய நிரல் என்று சொல்லிச் சற்று நேரம் காத்திருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன, மறைந்துவிடும் ஜன்னலுக்கு இது மருந்து. இன்னொரு முறையும் உண்டு: அந்தக் கறுப்பு ஜன்னலோடு இணைந்திருக்கும் நிரல்கள் எத்தனை என்று விண்டோஸிடம் கேட்பது. ஒன்றே ஒன்று என்றால் ஜன்னல் இந்த நிரலுக்காகவே திறந்தது. ஷெல் உடன் இல்லை. ஆனால் தாயைப் பார்ப்பதிலும் ஓட்டை உண்டு. தாய் நிரல் முடிந்துபோனால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் குழந்தை வேறொரு தாயிடம் ஒப்படைக்கப்படும். மேக்கில் முனையத்தில் 'ஓப்பன்' என்று தட்டி ஒரு செயலியைத் திறந்தால், அதன் தாய் லாஞ்ச்டியாகவே இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: சொடுக்கினால் முனையத்தைத் திறந்து அதற்குள் ஓடும் கோப்பு வகை ஒன்று மேக்கில் இருக்கிறது. தட்டச்சு செய்து அழைத்தது வரைகலையாகிறது. சொடுக்கி அழைத்தது முனையமாகிறது. 'முனையமா, வரைகலையா?' என்ற கேள்வியின் இரு பெட்டிகளும் அங்கே உடைந்துபோகின்றன.

நான்காவது துப்பு, சூழல் மாறிகள். 'டெர்ம்' இருந்தால் முனையம், லினக்ஸில் 'டிஸ்ப்ளே' அல்லது 'வேலண்ட் டிஸ்ப்ளே' இருந்தால் வரைகலைத் திரை என்று பலர் எழுதுகிறார்கள். வரைகலைத் திரைக்குள் திறந்த முனையத்தில் இரண்டுமே இருக்கும். அதோடு சூழல் மாறிகள் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் மரபாக இறங்குபவை. பாட்டியைப் பற்றிய செய்தியைப் பேரன் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு.

ஊகிக்காமல் கேட்டுவிடலாம்

கல்யாண வீட்டுக்கு வந்தவரை உடையையும் நிற்கும் இடத்தையும் பார்த்துப் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, அழைத்து வந்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. நிரலுக்கும் அதுவே நல்ல வழி. அழைப்பவர் தன் கையால் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும்.

விஎஸ் கோட் எடிட்டர் இதை நன்றாகச் செய்கிறது. முனையத்தில் 'கோட்' என்று தட்டினால், அந்தக் கட்டளை ஒரு சூழல் மாறியில் 1 என்று குறித்துவிட்டு எடிட்டரைத் திறக்கும். குறிப்பு இருந்தால் ஷெல்லின் அமைப்புகள் ஏற்கெனவே வந்துவிட்டன என்று எடிட்டர் அறியும். குறிப்பு இல்லை என்றால் ஐகான் வழியாக வந்தது என்று கொண்டு, மேக்கிலும் லினக்ஸிலும் தானே ஒரு ஷெல்லைப் பின்னணியில் ஓடவிட்டு அந்த அமைப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

லினக்ஸ் வரைகலைச் சூழலின் 'ஜிஐஓ' நூலகம் இன்னும் ஒரு படி நுட்பமானது. ஐகானின் கோப்பைக் கொண்டு நிரலை அழைக்கும்போது அது இரண்டு மாறிகளை அனுப்புகிறது. ஒன்றில் எந்தக் கோப்பின் வழியாக அழைத்தேன் என்பது. மற்றொன்றில் எந்த எண்ணுள்ள நிரலை அழைத்தேன் என்பது. நிரல் தன் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் பொருந்தினால் குறிப்பு தனக்கானது. பொருந்தாவிட்டால் தன் தாய்க்கோ பாட்டிக்கோ எழுதியது. மரபுரிமையின் ஓட்டையை ஒரே எண்ணால் அடைத்துவிட்டார்கள்.

இதைவிடச் சிறந்த பாடம், தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் 'எஸ்எஸ்எச்' நிரலில் இருக்கிறது. சாவியைத் திறக்கும் கடவுச்சொற்றொடர் தேவைப்படும்போது, முனையம் இருந்தால் அங்கேயே கேட்கும். முனையம் இல்லாமல், வரைகலைத் திரையும், ஜன்னலில் கேட்பதற்கென்று பயனர் குறித்துவைத்த நிரலும் இருந்தால் அந்த ஜன்னலைத் திறக்கும். 'என்னை யார் அழைத்தார்கள்?' என்று அது கேட்பதே இல்லை. 'நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்கக்கூடிய இடம் எது?' என்று மட்டுமே கேட்கிறது. சரியான கேள்வி அதுதான்.

ஒரே கேள்வியாகத் தோன்றுவதற்குள் உண்மையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான் எழுதுவதைப் படிப்பது மனிதரா, நிரலா? அதற்கு வெளியீட்டு வழியைச் சோதித்தால் போதும். இப்போது கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா? அதற்குக் கட்டுப்பாட்டு முனையத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னல் திறக்கத் திரை உண்டா? அதற்குத் திரையோடு இணைந்து பார்க்க வேண்டும். பயனரின் அமைப்புகள் எனக்கு வந்து சேர்ந்தனவா? அதற்கு அந்த அமைப்புகளையே பார்க்க வேண்டும். நான்கையும் ஒரே 'முனையமா, வரைகலையா?' என்ற சோதனையில் அடக்கினால் எங்கோ ஓரிடத்தில் நிரல் தவறு செய்யும்.

தமிழுக்கு இதில் என்ன?

தமிழில் பேசும் நிரல்களுக்கு இந்த விஷயம் ஆங்கில நிரல்களைவிட முக்கியமானது. முனையம் டெலிடைப்பின் வாரிசு. அதன் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது; ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு அதன் எலும்பிலேயே இருக்கிறது. தமிழ் அப்படி எழுதப்படுவதில்லை. 'மொழி' என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஒருங்குறியில் நான்கு குறிகள். அதில் ஒகரக் குறி மகரத்தின் இரு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். 'மு', 'கு' என்று உகரம் சேர்ந்தால் எழுத்தின் வடிவமே மாற வேண்டும். பல முனையங்களில் இந்தக் கணக்கு தவறி, கொம்புகளும் கால்களும் இடம் மாறி நிற்கின்றன. வரைகலை ஜன்னலில் அதே வாக்கியம் ஒழுங்காகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் மொழிக் குறிப்பில். எந்த மொழி, எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் 'லேங்' மாறியை மேக்கின் முனையம் அமைத்துக் கொடுக்கிறது. ஐகான் வழியாகத் திறந்த நிரலுக்கு அது வருவதில்லை. பழைய பைதான் பதிப்புகளில் எழுதிய நிரல், முனையத்திலிருந்து அழைத்தால் தமிழ்க் கோப்பை நன்றாகப் படித்து, ஐகானிலிருந்து அழைத்தால் முதல் தமிழ் எழுத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். 2018இல் வந்த பைதான் 3.7, இத்தகைய நிலையில் யுடிஎஃப்-8 குறியாக்கத்தையே எடுத்துக்கொண்டு பெருமளவு சரிசெய்தது. பிழை தமிழ் எழுத்துருவில் இல்லை, கோப்பிலும் இல்லை. அழைத்த விதத்தில் இருந்தது.

எடிசனிலும் பிரீமாண்டிலும் பிளேனோவிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழில் நிரல் எழுதும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். உங்கள் நிரலை முனையத்திலும் ஐகானிலும் பைப்பிலும் கால அட்டவணையிலும் என நான்கு வழியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள்; சூழலை நம்பாதீர்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் கேள்வி கேட்டுக் காத்திருக்காதீர்கள். பிழையை எழுதிவிட்டு முடித்துவிடுங்கள். நீங்கள் எந்தத் துப்பை நம்பினாலும், அதை மீறிச் சொல்ல பயனருக்கு ஒரு தெரிவைக் கொடுங்கள். வண்ணம் வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும். தமிழ்ச் செய்தி முனையத்திலேயே வேண்டும் என்பவர் அப்படியே பெறட்டும். யார் அழைத்தார்கள் என்பதை நிரல் முழுமையாக அறிய முடியாது. அழைத்தவருக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்டு அறிய முடியும். நல்ல நிரலுக்கு அது போதும்.